எல்லையோரத் திருநர் பிள்ளைகளுக்காக: பாலக்காடு, கோவை மருத்துவ அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாலக்காடு மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்களுக்கும், கோயம்புத்தூர் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேன்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் இந்த ஊர்ப்பக்கம் வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு கேரளம். கூலிக்கும் துணிமணிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் போவார்கள். காய்ச்சலோ கை முறிவோ என்றால் இந்த இரட்டை வாழ்க்கை பெரிய தொல்லையில்லை. எந்தப் பக்கம் பஸ் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் ஏறிவிடலாம். ஆனால் பிறந்தபோது எழுதிய பாலினம் தனக்குப் பொருந்தவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லி, அதன் தாய் தகப்பன் உதவி தேடிப் புறப்பட்டால் கதை வேறு. இது ஒரு நாள் வைத்தியம் அல்ல, வருடக்கணக்கில் ஒரே கோப்பு தொடர வேண்டிய வைத்தியம். அந்தக் கோப்புதான் வாளையார் எல்லை தாண்டும்போது அறுந்துபோகிறது.

நாங்கள் கேட்பது இரண்டு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தமிழில் விளக்கிச் சொல்லி, தமிழில் எழுதிய ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பக்கத்து மருத்துவமனைகளும் ஏற்கும் ஒரே பரிந்துரைத் தாளை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். இவை ஏன் வேண்டும், எப்படிச் செய்யலாம் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. "சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்துவிடுவார்கள்" என்ற பயம் பெற்றோருக்கு மட்டுமல்ல, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கும் இருக்கிறது. பருவ மாற்றம் தொடங்காத பிள்ளைக்கு மருந்து, ஊசி, கத்தி எதுவுமே கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, முடிவெட்டிலும் உடையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, பள்ளியில் அடி வாங்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நின்றாலும் இதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

பருவ மாற்றம் தொடங்கிய பிறகுதான் மருத்துவக் கேள்வியே வருகிறது. மார்பில் மொட்டு அரும்புவது, அல்லது விரையின் அளவு 4 மில்லியை எட்டுவது. மருத்துவர்கள் இதை டேனர் 2ஆம் நிலை என்பார்கள். உலக அளவில் திருநர் மருத்துவத்துக்கான 8ஆம் பதிப்பு நெறிமுறை 2022இல் வந்தது. அதற்கு முன்பே, 2017இல், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் தன் நெறிமுறையை வெளியிட்டது. பருவத்தைத் தள்ளிவைக்கும் ஊசியை இந்த நிலைக்கு முன் தொடக்கூடாது என்பதில் இரண்டும் ஒன்று. ஹார்மோனுக்கு 2017 நெறிமுறை சுமார் 16 வயதைச் சொல்கிறது, பிறப்புறுப்பு அறுவைக்கு 18. நம் ஊரிலும் 18க்குக் கீழே பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடக்காது.

பருவத்தைத் தள்ளிவைக்கும் அந்த ஊசியைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். ஸ்வீடன் 2022இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்து 2024இல் வழக்கமான சிகிச்சையிலிருந்தே எடுத்துவிட்டது. சான்றுகள் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வேறு பல மருத்துவச் சங்கங்கள் கவனமாகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு அது உதவுகிறது என்கின்றன. இந்த வாதத்தைப் பெற்றோரிடம் அப்படியே சொல்லிவிடுவதே சரி என்பது எங்கள் கருத்து. பாதியை மறைத்து வாங்கிய சம்மதம், பக்கத்து வீட்டுக்காரர் போனில் ஒரு வீடியோ காட்டிய அன்றே உடைந்துவிடும். ஆனால் மேலைநாட்டு வாதத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது வைத்தியம் ஆகாது. கட்டுப்பாடு கொண்டுவந்த நாடுகளும் ஆலோசனையையும் மனநலக் கவனிப்பையும் நிறுத்தவில்லை.

இங்கேதான் மொழி வருகிறது. அச்சடித்த ஒப்புதல் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கின்றன. தமிழ் வழியில் படித்த தாய்க்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியும், கண்ணில் பட்டால் படிக்க வராது. "இங்க ஒரு ஒப்பு போடுங்க" என்று சொன்னதும் கையெழுத்து விழுந்துவிடுகிறது. எது திரும்பிவரும், எது திரும்பிவராது என்று அவருக்குத் தெரியாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போட்டுக் கனத்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது, முளைத்த மீசை தாடியின் வேரும் போகாது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்த மார்பு தானாக மறையாது. பிள்ளை பெறும் திறன் இரண்டிலும் பாதிக்கப்படலாம். இந்த நான்கு வரியும் தாய்மொழியில் தாளில் இருக்க வேண்டும். பிள்ளை தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அலுவலகக் கடிதத்துக்கே அந்த உரிமை உண்டென்றால், உடம்பைப் பற்றிய ஒப்புதலுக்கு அது இல்லாமல் போகலாமா?

தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்றவுடன் பிள்ளையின் அண்ணனையோ சித்தப்பாவையோ மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். "மாதவிலக்கு வரும்போது சாகணும் போலிருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்வதை அண்ணன் "கொஞ்சம் மனசு சரியில்லையாம்" என்று மாற்றிச் சொல்லிவிடுவான். அவன் வேண்டுமென்று செய்வதில்லை, கூச்சம்தான். மாதத்தில் குறித்த இரண்டு நாள் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் தாலுகா மருத்துவமனையில் இருந்தால் போதும்.

இனிப் பரிந்துரைத் தாள். ஒரே பக்கம், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். மேலே இரண்டு பெயர்க் கட்டம்: ஆதாரில் உள்ள பெயர், பிள்ளை அழைக்கச் சொல்லும் பெயர். சீட்டு போடும் இடத்தில் பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டதும் வரிசையிலிருந்து நழுவி வீட்டுக்குப் போய்விடும் பிள்ளைகள் உண்டு. டோக்கன் எண்ணை மட்டும் கூப்பிட்டால் செலவில்லாமல் இது தீரும். அடுத்தது, எந்த நேரத்தில் எந்த எண்ணுக்குப் போன் செய்யலாம் என்ற கட்டம். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தாய்க்கு மட்டும் தெரிந்த விஷயம், "அடுத்த அப்பாயின்ட்மென்ட் செவ்வாய்க்கிழமை" என்று தகப்பனின் போனுக்குப் போன ஒரே அழைப்பால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். யார் யாருக்குத் தெரியும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

அதன் கீழே மருத்துவ விவரம்: டேனர் நிலை, அதைப் பார்த்தவர் யார், உயரம், எடை, கடைசி மாதவிலக்கு எப்போது, என்ன ரத்தப் பரிசோதனை எங்கே எடுத்தது. டேனர் நிலையை ஒருமுறை பார்த்து எழுதிவிட்டால் அடுத்த மருத்துவமனையில் அதே வாரம் மறுபடி உடையைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை. தன் உடம்பைக் கண்ணாடியில்கூடப் பார்க்க விரும்பாத பிள்ளைக்கு அந்தப் பரிசோதனை எவ்வளவு கொடுமை என்பதை நாங்கள் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. பருவம் தள்ளும் ஊசியில் இருப்பவர்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும், 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் அளவும் வைட்டமின் டி அளவும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும். இவை ஒரே தாளில் வரிசையாக இருந்தால்தான் எலும்பு பின்தங்குவது கண்ணில் படும். பாதி கோவையிலும் பாதி பாலக்காட்டிலும் கிடந்தால் எவர் கண்ணிலும் படாது.

கடைசிக் கட்டம், "கடையில் வாங்கிச் சாப்பிட்ட மருந்து". எங்களைக் கேட்டால் தாளில் மிக முக்கியமான கட்டம் இதுதான். ஆஸ்பத்திரிக் கதவு மூடியிருந்தால் பிள்ளைகள் மெடிக்கல் ஷாப் கதவைத் தட்டுகிறார்கள். கருத்தடை மாத்திரையில் பெண் ஹார்மோன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாளைக்கு நான்கைந்து என்று விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் உட்பட இந்த வகை மாத்திரைகளில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். ஒரு மாத்திரையில் 0.03 மில்லிகிராம். இது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் வகை என்பதால்தான் திருநர் சிகிச்சையில் இதைத் தவிர்த்து சாதாரண ஈஸ்ட்ரடையாலைத் தருகிறார்கள். எண்ணிக்கை கூடினால் மார்பு சீக்கிரம் வளராது, காலில் ரத்தக்கட்டுதான் சீக்கிரம் வரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டி நெஞ்சு குத்தினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். "மாத்திரை சாப்பிட்டேன்" என்று பயமில்லாமல் சொல்லும்படி அங்கே கேட்க வேண்டும். திட்டினால் சொல்லமாட்டார்கள், சொல்லாவிட்டால் நோய் பிடிபடாது.

ஆண் ஹார்மோனை அடக்கத் தரும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைக்கு இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை தேவை. அது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். எங்கள் ஊரில் வெயில் என்றால் இளநீர்தான், இளநீரிலோ பொட்டாசியம் ஏராளம். தோப்பு வேலைக்குப் போய் நாளைக்கு மூன்று நான்கு இளநீர் குடிக்கும் பிள்ளைக்கு இந்த மாத்திரையை எழுதும்போது அதைக் கேட்டறிந்து, தொடங்கும் முன்னும் பிறகும் பொட்டாசியம் பார்க்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு என்று அச்சடித்த தாள்களில் வாழைப்பழம் இருக்கும், இளநீர் இருக்காது.

மறுபக்கம், ஜிம்மில் கைமாறும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ரத்தத்தைக் கெட்டியாக்குவது அதன் முக்கிய ஆபத்து. முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும், 54 சதவீதம் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும். இது எந்த தாலுகா மருத்துவமனை ஆய்வகத்திலும் செய்யும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். மாதவிலக்கு நின்றுவிட்டதால் கர்ப்பம் தங்காது என்று நம்புவதும் தவறு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது.

பருவம் தள்ளும் ஊசியோ டெஸ்டோஸ்டிரோனோ இல்லாமலே, பெண்ணாக வளர்க்கப்பட்ட பையனின் பாரத்தைப் பாதி குறைக்கும் ஒரு வழி இங்கேயே இருக்கிறது: மாதவிலக்கை நிறுத்திவைப்பது. கோயில் நோன்புக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே நோரெத்திஸ்டிரோனை மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுக்கலாம். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும், கண்ணில் மின்னல் வெட்டும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ஈரல் நோயாளிகளுக்கும் இது ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தரா என்ற பெயரில் 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் மருத்துவர் பார்த்து முடிவு செய்யும் ஒரு வழி. முதல் சில மாதம் திட்டுத் திட்டாக உதிரம் படும். எலும்பு அடர்த்தி குறையக்கூடும் என்பதால் கணக்கில்லாமல் நீட்டிக்கக் கூடாது. எது கொடுத்தாலும் நிறுத்தியபின் மாதவிலக்கு திரும்பிவிடும் என்பதே இதன் பெரிய அனுகூலம். யோசிக்க அவகாசம் கிடைக்கிறது, கதவு எதுவும் மூடுவதில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தெரட்டி சீர், அதாவது பூப்பு நீராட்டு விழா. பந்தல், மைக்செட், பிள்ளையின் முழு உருவத்தோடு சாலையோரம் ஃபிளெக்ஸ், தாய்மாமன் சீர்த்தட்டு, பட்டுப்புடவை. தன்னைப் பையனாக உணரும் பிள்ளைக்கு ஊர் முழுக்கக் கூடி "நீ இதுதான்" என்று அறிவிக்கும் நாள் அது. அந்த வாரங்களில்தான் பள்ளிக்கு வராமை, சாப்பிடாமை, கையைக் கீறிக்கொள்வது எல்லாம் கூடுகிறது. சீரை விடச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் பிள்ளை மறுத்தால் தள்ளிவையுங்கள், அல்லது வீட்டுக்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்துங்கள், ஃபிளெக்ஸ் மட்டுமாவது வேண்டாம் என்று ஆஷா அக்கா சொன்னால் அம்மாயி கேட்பார். மருத்துவமனை சொன்னால் கேட்காத வீடுகூட அவர் சொன்னால் கேட்கும். அதனால் இந்தப் பகுதி ஆஷா ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சியாவது வேண்டும்.

அந்தப் பயிற்சியில் மார்பை இறுக்கிக் கட்டுவதையும் சேருங்கள். சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜை மார்பில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். மூச்சு விட விட அது இறுகும், விலா எலும்பு வலி எடுக்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் அதன் அடியில் வேர்த்துப் படை வரும். அதற்கென்று தைத்த அளவான உள்ளுடையையே போட வேண்டும், அதையும் 8 மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, தூங்கும்போதும் ஓடியாடும்போதும் கழற்றிவிட வேண்டும். பள்ளிக் கழிப்பறையைத் தவிர்க்கக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது இன்னொரு தொல்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு என்று வரும் பிள்ளையிடம், பள்ளியில் எந்தக் கழிப்பறைக்குப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பருவம் தள்ளும் ஊசியை யாருக்காவது வல்லுநர் குழு எழுதிக்கொடுத்தால் அது தூரத்து நகரத்தில்தான் நடக்கும். ஆனால் மாதாமாதம் போடுவதை இங்கேயே போடலாம். லியூப்ரோலைடு 3.75 மில்லிகிராம், 4 வாரத்துக்கு ஒருமுறை. கலக்கியவுடனே போட வேண்டும். வைத்திருந்தால் மருந்து அடியில் படிந்து ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும், பாதி அளவுதான் உள்ளே போகும். முதல் ஊசிக்குப் பிறகு ஹார்மோன் கொஞ்ச நாள் ஏறிப் பிறகுதான் இறங்கும், அதனால் உதிரம் படலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "ஊசி வேலை செய்யவில்லை" என்று நின்றுவிடுவார்கள். தேதி தள்ளிப்போனால் பருவம் மீண்டும் ஓடத் தொடங்கும். ஹர்த்தால், பஸ் ஸ்டிரைக் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து 28ஆம் நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே தேதி கொடுப்பது நல்லது. மருந்தை வாங்கி வரும் வழியில் வெயிலில் விடாமல், பெட்டியில் அச்சடித்திருக்கும் வெப்பநிலையில் கொண்டுவரவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கு இருக்கும் சட்டப் பயத்தையும் தாங்கள் சுற்றறிக்கை மூலம் நீக்கலாம். "நான் பையன்" என்று 14 வயதுப் பிள்ளை சொல்வது போக்சோ குற்றமல்ல, புகார் கொடுக்க வேண்டிய நிகழ்வும் அல்ல. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவும், அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த நிலைப்பாடும், பிள்ளையை "மாற்றிக்காட்டுகிறேன்" என்று செய்யும் சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு ஆக்கிவிட்டன. மருந்து எழுத விரும்பாத மருத்துவர் எழுத வேண்டாம். மாற்றுகிறேன் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டைப் பொறுத்தவரை, திருநர் என்பதற்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. திருநர் அடையாளச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக ஆலோசனையை மறுக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ் பெற ஒரே மாவட்டத்தில் 12 மாதம் தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்ற 2020 விதி, வருடத்தில் பாதி நாள் திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போய்வரும் எங்கள் குடும்பங்களை எளிதில் வெளியே நிறுத்திவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று பாக்கி இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும், செத்துப்போகலாம் என்று தோன்றியதா, எப்படி என்று யோசித்தாயா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமாம்" என்று பதில் வந்தால், பெற்றோரிடம் முதலில் சொல்ல வேண்டியது பூச்சிமருந்தைப் பற்றித்தான். இங்கே நெல்லும் கடலையும் போடும் வீடுகளில் மருந்து டப்பா திண்ணை மூலையிலோ மாட்டுக்கொட்டகை எரவாணத்திலோ கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். அன்று மாலையே அதை எடுத்துப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடத்தில் தணிகிற வேகம், அந்த நேரத்தில் கையில் விஷம் இல்லாவிட்டால் பிள்ளை மிஞ்சும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். அதைத் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இரண்டு மொழியிலும் பரிந்துரைத் தாளின் மாதிரியையும், தமிழ் ஒப்புதல் தாளின் முதல் வரைவையும் எழுதி முடித்திருக்கிறோம். இரு மாவட்டத்திலிருந்தும் ஒரு குழந்தை நல மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு செவிலியர் சேர்ந்து ஒரு நாள் உட்கார்ந்து திருத்தினால் அச்சுக்குப் போகலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் அந்த நாளைக் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா, பொள்ளாச்சி எல்லைப் பகுதியில் பணிபுரியும்
செவிலியர்கள், ஆலோசகர்கள், பள்ளி ஆசிரியர்கள்